காவல்துறைகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் என்ன கிடைக்கும்?

நுண்ணோக்கி (இழையைத் தொடங்கியவர்):

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 43 வட்டாரக் காவல்துறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை, தனி பட்ஜெட். 2021-ல் இவை அனைத்துக்கும் பொதுவாக ஒரு தலைமை அறிவியல் ஆலோசகரை நியமித்தார்கள். அந்தப் பொறுப்புக்கு வந்த பால் டெய்லர் ஒரு உளவியல் பேராசிரியர். போலீஸ் அதிகாரியாக இல்லாத ஒருவரை அங்கே உட்கார வைத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு பதவியை உருவாக்கியதோடு வேலை முடிந்துவிடாது. எல்லை தாண்டிச் சேர்ந்து வேலை செய்ததால் உண்மையிலேயே என்ன மாறியது, எங்கே இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பேசலாம்.

என் பங்குக்கு யார்க்‌ஷயர் வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1975 முதல் 1980 வரை பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றான். விசாரணை பெரும்பாலும் மேற்கு யார்க்‌ஷயர் போலீசிடம் இருந்தது. சில கொலைகள் மான்செஸ்டர் எல்லைக்குள் நடந்தன. 1977-ல் மான்செஸ்டரில் கொல்லப்பட்ட பெண்ணின் கைப்பையில் புத்தம் புதிய ஐந்து பவுண்டு நோட்டு ஒன்று இருந்தது. அதன் வரிசை எண்ணை வைத்து, எந்தெந்த நிறுவனங்களின் சம்பளக் கவருக்குள் அந்தக் கட்டு போயிருக்கும் என்று கண்டுபிடித்து, அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்தார்கள். அவர்களில் சட்கிளிஃபும் ஒருவன். மொத்தத்தில் ஒன்பது முறை அவனைப் போலீஸ் விசாரித்திருக்கிறது! ஒன்பது தடவையும் அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனான். ஏனென்றால் எல்லாமே காகித அட்டைகளில் இருந்தன. நோட்டு விசாரணை ஒரு பெட்டியில், கார் எண் பார்த்த குறிப்பு வேறொரு பெட்டியில். மூன்றையும் நான்கையும் ஒரே ஆளோடு சேர்த்துப் பார்க்க வழியில்லை. கடைசியில் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில், அதாவது மூன்றாவது ஒரு காவல்துறையின் எல்லையில், போலி நம்பர் பிளேட்டுக்காக ரோந்துக் காவலர்கள் பிடித்தபோதுதான் சிக்கினான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஹோம்ஸ் என்ற கணினி முறை, பெரிய வழக்குகளின் தகவலைத் தேடிச் சேர்ப்பதற்காக. அதன் முதல் வடிவத்தில்கூட ஒரு காவல்துறையின் கணினியை இன்னொன்றோடு இணைப்பது சிரமமாகவே இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க அடுத்த பதிப்பு வரவேண்டியிருந்தது. கருவி வாங்குவது சுலபம், சேர்ந்து பயன்படுத்தும்படி வாங்குவதுதான் கடினம் என்பது என் எண்ணம். நீங்கள் சொல்லுங்கள்.

பழைய_ஏட்டு:

தம்பி, பெரிய வழக்கைப் பற்றிச் சொன்னீர்கள். நான் கீழே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அறிவியல் என்றால் எல்லோரும் ஆய்வகத்தையும் கணினியையும்தான் நினைக்கிறார்கள். பாதி அறிவியல் சம்பவ இடத்தில், கான்ஸ்டபிள் கையில் இருக்கிறது.

ரத்தம் பட்ட துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் உள்ளே புழுங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்துவிடும். ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது அதில் இருந்த டிஎன்ஏ சிதைந்திருக்கும். வெயில் படாமல் நிழலில் காயவைத்து, ரத்தம் பட்ட பக்கம் மற்ற பக்கத்தில் ஒட்டாதபடி நடுவில் சுத்தமான தாளை வைத்து மடித்து, காகித உறையில் போட்டு, வாயை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டு, யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யாரிடம் கொடுத்தார் என்று எழுத வேண்டும். இதைத் தெரிந்த ஸ்டேஷனும் உண்டு, தெரியாத ஸ்டேஷனும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறுதான் ஓடும். ஆனால் மாவட்டம் வேறு, மேலதிகாரி வேறு. பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. "இது நம்ம கேஸ்" என்ற எண்ணம். பக்கத்துக்காரனிடம் கேட்டால் அவன் பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் அதிகாரிகளுக்கு நிஜமாகவே இருக்கிறது. இதைப் பேசாமல் ஒத்துழைப்பு என்று எத்தனை கூட்டம் போட்டாலும் டீ குடித்துவிட்டுக் கலைந்து போவார்கள்.

சட்டம்_படிப்பவள்:

ஏட்டையா சொன்னது மனதில் தைத்தது. இன்னொரு வழக்கையும் சேர்க்கிறேன். 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரை இயன் ஹன்ட்லி கொன்றான். பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர் வேலையில் இருந்தவன். அவன் மேல் ஹம்பர்சைடு போலீசிடம் ஏற்கனவே பல பாலியல் புகார்கள் வந்திருந்தன. வேலைக்கு எடுக்கும் முன் கேம்பிரிட்ஜ்ஷயர் போலீஸ் வழியாக நடந்த சரிபார்ப்பில் அவற்றில் ஒன்றுகூட வெளிவரவில்லை. இது எப்படித் தவறியது என்று ஆராய அரசு அமைத்த பிச்சர்ட் விசாரணையின் அறிக்கை 2004-ல் வந்தது. எல்லாக் காவல்துறைகளும் தேடக்கூடிய தேசியத் தகவல் தளம் செயல்பாட்டுக்கு வந்தது 2011-ல். ஏழு வருடம்! பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் நடுவே இவ்வளவு நாள் ஆனது எனக்கு ஆறவே இல்லை.

அதே சமயம் சேர்த்து வைப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் கைரேகையையும் டிஎன்ஏவையும் காலவரையின்றி வைத்துக்கொண்டதற்காக 2008-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பகிர்வது என்றால் எதை, யாருக்கு, எத்தனை நாளுக்கு என்பதும் சேர்த்தே முடிவாக வேண்டும்.

நுண்ணோக்கி:

இங்கே ஒரு பிரிவினை தேவைப்படுகிறது. ஆட்களைப் பற்றிய தகவலைப் பகிர்வது ஒன்று. முறைகளைப் பற்றிய அறிவைப் பகிர்வது வேறு: எந்தச் சோதனை வேலை செய்கிறது, எது ஏமாற்றுகிறது என்பது. முதலாவதற்கு எல்லை வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். இரண்டாவதை ஒளித்துவைக்க எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை.

ஆய்வக_மேசை:

அந்த இரண்டாவதைப் பற்றித்தான் எழுத வந்தேன். தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் யாரும் மறக்க முடியாத கதை ஒன்று இருக்கிறது.

2007-ல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் இளம் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போலீஸ் காரில் எடுத்த தடயத்தில் ஒரு பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தால் அதே பெண் 1993-ல் நடந்த ஒரு கொலையிலும் இருக்கிறாள், வீட்டுத் திருட்டிலும் இருக்கிறாள், ஆஸ்திரியாவில் இருக்கிறாள், பிரான்சில் இருக்கிறாள். கிட்டத்தட்ட நாற்பது சம்பவ இடங்கள். கூட்டாளிகள் என்று பிடிபட்டவர்கள் எல்லோரும் அப்படி ஒரு பெண்ணைத் தெரியவே தெரியாது என்றார்கள். மூன்று லட்சம் யூரோ வெகுமதி அறிவித்தார்கள். முகம் தெரியாத அந்தப் பெண்ணைத் தேடி வருடக்கணக்கில் அலைந்தார்கள்.

2009-ல் உடைந்தது. எரிந்துபோன ஒரு ஆணின் உடலை அடையாளம் காண்பதற்காக, அவர் முன்பு கொடுத்திருந்த ஆவணத்திலிருந்த கைரேகையைச் சோதித்தபோது அதிலும் இந்தப் பெண்ணின் டிஎன்ஏ வந்தது. அப்போதுதான் சந்தேகம் தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சி மேல் திரும்பியது. குச்சிகளைத் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான். கிருமி நீக்கம் பாக்டீரியாவைக் கொல்லும், டிஎன்ஏவை முழுதாக அழிக்காது. வாங்கியவர்கள் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு நிமிடம் யோசியுங்கள். டிஎன்ஏ முடிவுகளை எல்லை தாண்டிப் பகிர்ந்தார்கள், மூன்று நாட்டுப் போலீசும் ஒத்துழைத்தார்கள். ஆனால் குச்சியை யார் எங்கே வாங்குகிறார்கள் என்ற பட்டியலை முன்பே ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் எவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்கும்? பிரிக்காத பொட்டலத்திலிருந்து ஒரு வெறும் குச்சியை எடுத்து, எதையும் தொடாமல், அப்படியே சோதனைக்குள் போடுவதை வெற்றுச் சோதனை என்போம். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் இத்தனை குச்சியை இப்படிச் சோதித்து, முடிவை எல்லா ஆய்வகங்களும் ஒரே இடத்தில் பதிவு செய்தால், ஒரே டிஎன்ஏ திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டே தீரும். இந்த விவகாரத்துக்குப் பிறகு தடயப் பொருள் தயாரிப்பில் மனித டிஎன்ஏ கலப்பதைத் தடுக்க ஐஎஸ்ஓ 18385 என்ற தரநிலை 2016-ல் வந்தது. தயாரிப்பாளர், காவல்துறை, ஆய்வகம் மூன்றும் சேர்ந்து உட்காராமல் அப்படி ஒன்றை எழுத முடியாது. புதுமை என்றால் நான் முதலில் காட்டுவது இதைத்தான், எந்த மென்பொருளையும் இல்லை.

புதுவரவு_07:

நம்ப முடியவில்லை. இத்தனை வருடமாக இல்லாத ஒரு ஆளையா தேடினார்கள்!

தரவுப்பித்தன்:

ஆய்வகத்துக்கு வெளியே, ரோந்து, கைது மாதிரியான நடைமுறைகளிலும் இதே கதைதான். ஒரு இடத்தில் சோதித்துவிட்டு எல்லா இடத்துக்கும் அதைச் சட்டமாக்கும் அவசரம்.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1981-82-ல் லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்ட் பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போலீசோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். வீட்டு வன்முறைப் புகார் வந்தால் அடித்தவரைக் கைது செய்வதா, கொஞ்ச நேரம் வெளியே அனுப்புவதா, பேசிச் சமாதானம் செய்வதா? எது மறுபடி அடிப்பதைக் குறைக்கிறது? எந்த வழக்கில் எதைச் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தற்செயலாக முடிவு செய்தார்கள். கைது செய்யப்பட்டவர்கள் மறுபடி அடிப்பது குறைவாக இருந்தது. முடிவு 1984-ல் வெளியானது. கொஞ்ச வருடத்துக்குள் பல நகரங்களும் மாநிலங்களும் கைதையே முதல் வழியாக எடுத்துக்கொண்டன.

இத்தோடு விட்டிருந்தால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. நல்லவேளையாக ஒமாஹா, ஷார்லட், மில்வாக்கி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமி வட்டாரம் என்று ஐந்து இடங்களில் திரும்பச் செய்து பார்த்தார்கள். சில இடங்களில் கைது ஓரளவு பலன் தந்தது. ஒமாஹாவிலும் ஷார்லட்டிலும் கைது தடுத்ததாகத் தெரியவில்லை. மில்வாக்கியில் இன்னும் சிக்கலான விடை: வேலையில் இருப்பவர்களிடம் கைது வன்முறையைக் குறைத்தது, வேலை இல்லாதவர்களிடம் கூட்டியது. ஒரு ஊர்க் காவல்துறை தனியாக எவ்வளவு நேர்மையாக ஆராய்ந்தாலும் இந்த வித்தியாசம் அதன் கண்ணுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

சட்டையில் மாட்டும் கேமராவும் அப்படித்தான். கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறிய ஊரில் 2012-ல் தொடங்கிய சோதனையில் 54 காவலர்கள். போலீஸ் மேல் வந்த புகார்கள் மளமளவென்று குறைந்தன. உலகமே கேமரா வாங்க ஓடியது. வாஷிங்டன் நகரில் 2,000-க்கும் அதிகமான காவலர்களை வைத்துச் செய்து, 2017-ல் முடிவு வெளியான சோதனையில், பலப்பிரயோகத்திலும் புகாரிலும் குறிப்பிடும்படியான மாற்றம் ஒன்றும் இல்லை. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சாட்சியத்துக்கு அது உதவும். ஆனால் முதல் ஊரின் முடிவை வைத்துப் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால், நான்கைந்து காவல்துறைகள் சேர்ந்து ஒரே அளவுகோலில் அளந்திருக்கலாம்.

பழைய_ஏட்டு:

தம்பி, ஒரு கேள்வி. அடிவாங்கிய பெண் கதவைத் திறந்து நிற்கிறாள். இன்றைக்கு உன் வீட்டுக்காரனைக் கைது செய்வோமா மாட்டோமா என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது சரியா? எனக்கு வயிறு கலங்குகிறது.

தரவுப்பித்தன்:

கலங்க வேண்டிய கேள்விதான், ஏட்டையா. அங்கே பெரிய காயம் இருந்த வழக்குகளைச் சோதனையில் சேர்க்கவில்லை, அவை வழக்கமான நடவடிக்கைக்குப் போயின. மீதியில் அதற்கு முன்பும் ஒரு காவலர் கைது செய்வார், இன்னொருவர் பேசிவிட்டுப் போவார். யார் வருகிறாரோ அதுதான் அந்தப் பெண்ணின் தலையெழுத்து. எது அவளைக் காப்பாற்றுகிறது என்று யாருக்கும் தெரியாத நிலையும் அறமான நிலை இல்லையே.

நடைமுறையையும் சொல்கிறேன். காவலர் கையில் ஒரு குறிப்பேடு, தாள்கள் வெவ்வேறு நிறத்தில். மேலே இருக்கும் தாளின் நிறம் என்ன சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும். அடுத்து வரப்போகும் நிறம் என்ன என்று முன்கூட்டியே பார்க்க முடிந்ததால், பிடிக்காத நிறம் வரும்போது அந்த வழக்கைச் சோதனையில் சேர்க்காமல் விட்டுவிட இடம் இருந்தது. இதைப் பின்னால் விமர்சித்தார்கள். மறுசோதனைகளில், காவலர் வழக்கைப் பதிவு செய்த பிறகே முடிவு வெளியிலிருந்து வரும்படி மாற்றினார்கள். ஒரு ஊரின் ஓட்டையை அடுத்த ஊர் அடைத்தது. முதல் ஊர் தன் முறையை ஒளிக்காமல் எழுதி வைத்ததால்தான் அது முடிந்தது.

புதுவரவு_07:

முகமறி கேமராவும் இந்தக் கணக்கில் வருமா? கம்பெனிக்காரன் 99 சதவீதம் சரி என்றால் போலீஸ் நம்பித்தானே ஆக வேண்டும்?

சட்டம்_படிப்பவள்:

நம்பத் தேவையில்லை என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சவுத் வேல்ஸ் போலீஸ் நேரடி முகமறி கேமரா வைத்ததை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டார். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் காரணங்களில் ஒன்று நம் பேச்சுக்கு நேராக வருகிறது: அந்த மென்பொருள் இனம், பாலினம் பார்த்துப் பாரபட்சமாக நடக்கிறதா என்பதைப் போலீஸ் தன் பொறுப்பில் சரிபார்க்கவில்லை. எந்தப் படங்களை வைத்துப் பழக்கினீர்கள் என்று கேட்டால் அது வணிக ரகசியம் என்று தயாரிப்பாளர் ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. சவுத் வேல்ஸும் லண்டன் பெருநகரப் போலீசும் சேர்ந்து தேசிய இயற்பியல் ஆய்வகத்தை அணுகின. எடை, நீளம், நேரம் இவற்றின் அளவுத்தரத்தைக் காக்கும் நிறுவனம் அது. சோதனை முடிவு 2023-ல் பொதுவெளியில் வந்தது. இரண்டு முகங்களும் ஒருவருடையதே என்று கருவி சொல்வதற்குத் தேவையான குறைந்தபட்ச ஒற்றுமை மதிப்பெண்தான் வரம்பு. அதை 0.6 என்றோ அதற்கு மேலோ வைத்தால் இனங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வரம்பைக் கீழே இறக்கினால் கறுப்பினத்தவர்களைத் தவறாகக் காட்டுவது கூடுகிறது. ஆக, கேள்வி கருவி நல்லதா கெட்டதா என்பதிலிருந்து வரம்பை எங்கே வைக்கிறீர்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்பதற்கு நகர்ந்தது. தெருவில் கேமரா வைக்கலாமா என்ற பெரிய கேள்வி இதனால் தீரவில்லை, அது தனி இழைக்கு உரியது. ஆனால் குடிமக்களும் படிக்கக்கூடிய ஒரு எண் கிடைத்தது.

ஆய்வக_மேசை:

இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது என்பதையும் பேசியாக வேண்டும். இங்கிலாந்தில் தடய அறிவியல் சேவை என்று அரசு நிறுவனம் ஒன்று இருந்தது. உலகின் முதல் தேசிய டிஎன்ஏ தரவுத்தளம் 1995-ல் தொடங்கியதில் அதற்குப் பெரிய பங்கு. மாதம் இரண்டு மில்லியன் பவுண்டு நட்டம் என்று சொல்லி 2012-ல் மூடிவிட்டார்கள். வேலை தனியார் ஆய்வகங்களுக்கும் போலீசின் சொந்த ஆய்வகங்களுக்கும் பிரிந்தது. அன்றாடச் சோதனைக்கு விலை பேசி வாங்கலாம். பத்து வருடம் கழித்துப் பயன்படப்போகும் ஆராய்ச்சிக்கு எந்த ஒரு காவல்துறையும் தன் பட்ஜெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காது. பலன் எல்லோருக்கும், செலவு எனக்கு மட்டுமா என்று கேட்கும். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அதனால் ஆராய்ச்சிக்கான பணம் பொதுவான ஒரு இடத்திலிருந்துதான் வரவேண்டும். மூடியபோது நாடாளுமன்ற அறிவியல் குழுவே கவலை தெரிவித்தது.

நுண்ணோக்கி:

சேர்ந்து வேலை செய்வது என்றால் ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே ஏற்பது என்று ஆகிவிடக் கூடாது. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் டெட்டனேட்டர் இருந்த பையில் கிடைத்த கைரேகையை ஸ்பெயின் மற்ற நாடுகளுக்கு அனுப்பியது. அமெரிக்க எஃப்பிஐ அது ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிராண்டன் மேஃபீல்டு என்ற வழக்கறிஞருடையது என்றது. மூன்று நிபுணர்கள் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் முதலாமவரின் முடிவு என்ன என்று தெரியும். ஏப்ரலிலேயே ஸ்பெயின் போலீஸ் பொருந்தவில்லை என்று எழுதியது. அப்படியும் மே மாதம் அவரைக் கைது செய்து இரண்டு வாரம் அடைத்து வைத்தார்கள். ஸ்பெயின் அந்தக் கைரேகையை அல்ஜீரியர் ஒருவருடையது என்று அடையாளம் கண்ட பிறகே விட்டார்கள்.

பகிர்ந்தார்கள், மாற்றுக் கருத்தும் உரிய நேரத்தில் வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. முந்தைய முடிவு தெரியாமல் இரண்டாவது நிபுணர் பார்க்கும் முறையை ஒரு காவல்துறைக்குள் செய்வதைவிட, வேறொரு காவல்துறைக்கு அனுப்பிச் செய்வது பலமானது. மேலதிகாரியின் முகம் பார்த்துத் தலையாட்ட வேண்டிய அவசியம் அங்கே இருக்காது.

பழைய_ஏட்டு:

கைரேகை என்றதும் நான் முதலில் சொன்ன பேர் விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. ஸ்காட்லாந்து யார்டில் 1901-ல்தான் வந்தது. அந்த முறைக்கு இன்றைக்கும் ஹென்றி முறை என்றுதான் பேர், எட்வர்ட் ஹென்றி ஐ.ஜி.யாக இருந்தார் என்பதால். பத்து விரல் ரேகைகளை 1,024 பிரிவுகளாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான தாள்களுக்குள் ஒன்றைச் சட்டென்று எடுக்கும்படி கணக்குப் போட்டவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிசுல் ஹக். இன்னொருவர் ஹேம சந்திர போஸ். இருவரும் சப்-இன்ஸ்பெக்டர் நிலையில் இருந்தவர்கள். பிற்காலத்தில் அரசு பட்டமும் பணமும் கொடுத்தது, பிரிட்டனின் கைரேகைச் சங்கம் இருவர் பேரிலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது. ஆனால் எத்தனை போலீஸ்காரருக்கு அந்தப் பேர்கள் தெரியும்?

கீழே இருப்பவன் யோசனை சொன்னால் அவன் பேரோடு மேலே போக வேண்டும். பக்கத்துக் காவல்துறை அதை எடுத்துக்கொண்டால் அங்கேயும் அவன் பேரோடு போக வேண்டும். இதைச் செய்துவிட்டு அப்புறம் ஏன் யாரும் பகிர்வதில்லை என்று கேளுங்கள்.

நுண்ணோக்கி:

ஏட்டையா, இதை நான் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்று ஏங்கும்படி எழுதிவிட்டீர்கள். சரி, எல்லோருக்கும் ஒரே கேள்வி. பத்துக் காவல்துறைகள் சேர்ந்து ஒரு காரியத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கும் என்றால் எதைக் கேட்பீர்கள்?

தரவுப்பித்தன்:

சோதனைப் பதிவேடு. எந்தக் காவல்துறை எதைச் சோதிக்கிறதோ, அதைத் தொடங்கும் முன்பே எதை அளக்கப்போகிறோம் என்று எழுதிப் பதிய வேண்டும். பலன் இல்லாவிட்டாலும் முடிவைப் போட்டே ஆக வேண்டும். மருந்துச் சோதனையில் இது பழகிப்போன நடைமுறை.

ஆய்வக_மேசை:

ஒரே சாம்பிளை எல்லா ஆய்வகத்துக்கும், சோதனை என்று தெரியாதபடி, வழக்கமான வழக்குப் பொருளோடு கலந்து அனுப்புவது. சோதனை என்று தெரிந்தால் எல்லோரும் கூடுதல் கவனம் எடுப்பார்கள், அன்றாடத் தரம் தெரியாது. தவறு வந்தால் அந்த ஆளைத் தண்டிக்கக் கூடாது, முறையைத் திருத்த வேண்டும். இந்த நிபந்தனை இல்லையென்றால் பணமே வேண்டாம்.

சட்டம்_படிப்பவள்:

என் ஓட்டும் ஆய்வக மேசைக்கே. ஒரு திருத்தம்: அந்த முடிவுகளை எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கேட்டுப் பெற வழி வேண்டும்.

ஆய்வக_மேசை:

ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஆட்களில் சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

பழைய_ஏட்டு:

எனக்கு ஆள் மாற்றம் போதும். கான்ஸ்டபிள், ஏட்டு நிலையில் இருப்பவர்களை ஆறு மாதம் பக்கத்துக் காவல்துறைக்கோ ஆய்வகத்துக்கோ அனுப்புங்கள். தான் கட்டி அனுப்பும் உறையை மேசையில் ஒருவர் பிரிப்பதைக் கண்ணால் பார்த்தவன் அடுத்த தடவை ஈரத்துணியைப் பிளாஸ்டிக்கில் போடமாட்டான். அதேபோல ஆய்வகத்துப் பிள்ளைகளும் ஒரு மழை ராத்திரி சம்பவ இடத்துக்கு வந்து நிற்கட்டும்.